முள்ளு ஆடப்படாது

"முள்ளு ஆடப்படாதுங்க." இதைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். மோட்டாருக்குச் சொல்வார், அரசாங்கத்துக்குச் சொல்வார், ரசத்தின் உப்புக்கும் சொல்வார். கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாகப் பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு மோட்டாரையும் அனுப்பும் முன் சோதனை மேஜையில் ஏற்றி ஓடவிட்டு, கரண்டு மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முள் ஒரே இடத்தில் நின்றால் மோட்டார் நல்லது. ஆடினால் கழற்றிப் போட வேண்டியது. உலகத்தை அளக்க இதற்கு மேல் ஒரு கருவி தேவைப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அவர் எனக்குச் சகலை, என் மனைவியின் கடைசித் தங்கையைக் கட்டியவர். பதினான்கு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஐம்பதுக்கு மேல் எல்லாருக்கும் வருகிறதே, அந்தச் சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோய், ஊசி இல்லாவிட்டால் ஆளே இல்லை என்கிற முதல் வகை. நான் சொல்வது தொண்ணூறுகளில். அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆர்டர் எடுத்தபடியே தொடையில் ஊசியைக் குத்திக்கொள்வார். அந்தத் துணிச்சலை நான் குறை சொல்லவில்லை. குத்தி முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசுவாரே, அதைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியாது.

நான் வேளாண் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தென்னை மரங்களை எண்ணியே குடும்பம் நடத்தியவன். வேலை போனாலும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. இது தெரிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி வருவதற்குள் கையை நீட்டிவிடுவார்.

"ஏனுங் சகலை, சித்தெ நாடி புடிச்சு எண்ணுங்க."

எண்ணினால் தொண்ணூற்றெட்டு.

"மாடிக்கு ஏறி எறங்கிட்டு வாரேனுங்க. மறுக்கா எண்ணுங்க."

ஏறி இறங்கி வந்தால் நூறு. கொஞ்சம் மூச்சு வாங்கும். நாடி மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்த இடத்திலேயே இருக்கும்.

"பாத்தீங்களா! லோடு ஏத்துனாலும் முள்ளு ஆடறதில்லை. உங்களுது எத்தனைங்க?"

"சும்மா இருந்தால் எழுபது. மாடி ஏறினால் நூற்றுப் பத்துக்குப் போகும்."

"அய்யய்யோ, ஒயரிங் போயிருச்சுங்க சகலை. காயில் மாத்தோணும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது. அவர் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

அவருடைய மரியாதை வேறு ஊரெல்லாம் பிரசித்தம். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சமில்லைதான். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். ஆனால் அவர் மரியாதை ஒரு கல்யாணத்தில் வேறொரு உயரத்துக்குப் போய்விட்டது. உயரத்துக்கு என்பதைவிடத் தரைக்கு என்று சொல்லலாம்.

கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். அவருடைய பெரியப்பாவுக்கும் அவருக்கும் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. வரப்பில் நின்ற ஒரு தென்னை மரம் யாருடையது என்பது வழக்கு. (அந்த மரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நானே தவித்திருக்கிறேன்.) பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மண்டபத்து நாற்காலிகளில் சாய்ந்திருந்தோம். பெரியப்பா உள்ளே வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். எங்கள் ஊரில் பெரியவர் வந்தால் பகையாளியும் எழுந்து நிற்பான். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வான். சகலையும் விருட்டென்று எழுந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாகப் பெரியப்பாவின் காலில் விழுந்தார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எந்திரி கண்ணு," என்றார் பெரியப்பா. "போச்சாது போ, பழசையெல்லாம் உட்டுத்தள்ளு. எந்திரி சாமி."

சகலை எழவில்லை. அவர் முதுகில் கை வைத்த பெரியப்பா, "சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. புள்ளை மனசு அப்பிடிக் கரைஞ்சுபோச்சு," என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சகலை வெளுத்த முகத்தோடு மெதுவாக எழுந்து, எதுவும் நடக்காதது போலக் கைகூப்பினார். அன்றே இரு குடும்பமும் ஒன்றானது. அந்த வருடம் குலதெய்வத்துக்கு ஒரே பந்தலில் பொங்கல் வைத்தார்கள். தென்னை மரத்தை இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் காய் பறிக்க ஆளில்லாமல் போயிற்று.

அதோடு நின்றிருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அடுத்தடுத்து அவர் விழுந்த கால்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு சீமந்தத்தில் சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரருடையது. இன்னொன்று, பட்டறைக்கு மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஊழியருடையது. அந்த மனிதர் பயந்துபோய் ரீடிங் எடுக்காமலே போய்விட்டார். மூன்றாவது என்னுடையது. என் காலில் விழத்தக்க எந்தக் காரியமும் நான் செய்ததில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏனுங்க இது?" என்று கேட்டேன்.

"பெரியவுங்க காலுல உழுகறதுக்குக் காரணம் வேணுமுங்களா?"

"சமையல்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காதே."

"அன்னம் போடறவருங்க."

"மின்வாரியம்?"

கொஞ்சம் யோசித்தார். "கரண்டு குடுக்கறவருங்க," என்றார்.

நின்றுகொண்டிருக்கும்போது அவர் யார் காலிலும் விழுந்ததில்லை. உட்கார்ந்தோ படுத்தோ இருந்து சட்டென்று எழும்போதுதான் பக்தி பெருகுகிறது. இதை என் கொழுந்தியாளிடம் சொன்னேன். "நீங்க எதைத்தான் சந்தேகப்படலைங் மாமா," என்றாள் அவள். ஆனாலும் அவள் முகத்திலும் கவலை இருந்தது. அவளுக்கு வேறொரு கணக்கு. முன்பெல்லாம் ஊசியின் வேகத்தில் சர்க்கரை இறங்கினால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும். உடனே ஒரு வாய் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வார். இப்போது அந்த முன்னறிவிப்பே இல்லை. ஒருநாள் பட்டறையில் ஒரு மோட்டாருக்கு எதிரில் நின்று, "ஊட்டுக்கு வந்துட்டு இப்பிடிச் சும்மா போனா எப்பிடிங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்று வற்புறுத்திக்கொண்டிருந்தாராம். அவள் ஓடிப் போய் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். தெளிந்ததும் அவர் சொன்னது: "பாத்தியா, முன்ன மாதிரிப் படபடப்பே இல்லை. உடம்பு சீராயிருச்சு."

இப்படிப்பட்டவருக்கும் முள் ஒருமுறை துரோகம் செய்திருந்தது. அதைப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு வாரம் முழுக்க அத்தனை மோட்டாரிலும் முள் இம்மியும் ஆடவில்லை. அவர் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். எனக்கும் வந்தது. அந்த மோட்டார்கள் வெள்ளகோவில் பக்கத்துக் கிணறுகளுக்குப் போய், ஒவ்வொன்றாகப் புகைந்து திரும்பி வந்தன. மீட்டரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே முள் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மோட்டார் என்ன பாடு பட்டாலும் அது காட்டியது ஒரே எண்ணைத்தான்.

பிறகு அவருக்குக் குடலிறக்கம் வந்தது. மோட்டாரைத் தாமே தூக்கினால்தான் தூக்கியது போல இருக்கும் அவருக்கு. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஈசிஜி எடுத்தார்கள். கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக, வாழைத் தோட்டத்தில் கயிறு பிடித்து நட்டது போல இருந்தன. அவர் பெருமை தாங்காமல் அதை வாங்கிக்கொண்டு நேராகக் கிராஸ்கட் ரோட்டுக்குப் போய் லேமினேஷன் செய்யக் கொடுத்தார். அந்தத் தாள் சூடு பட்டால் கறுக்கும் வகை. சூடான உருளைக்குள் போன தாள் மறுபக்கம் தார் ரோடு போல வெளியே வந்தது. கடைக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, அந்தக் கறுப்பு அட்டையையும் விடாமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்குள்ள இருக்குதுங்க. நம்புங்க. ஒரு கோடு பெசகலை."

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர், இத்தனை வருடம் ஊசி போடுகிறவர் என்றதும் தயங்கி, மயக்க மருந்து தாங்குமா என்று பார்த்துவரச் சொல்லி ஒரு சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் ஒருவருடைய மகள்; சின்ன வயது. சகலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாடி பற்றிச் சாட்சி சொல்ல.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார். பிறகு, "இப்ப எந்திரிச்சு நில்லுங்கண்ணா," என்றார். நின்றதும் மறுபடி பார்த்தார். பாதரசம் சரசரவென்று இறங்கிக்கொண்டே போனது.

"கண்ணு இருட்டுதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்கறனுங்க." சொல்லும்போதே அவர் கை பீரோவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எந்திரிக்கறப்போ எப்பவாச்சும் கீழ உழுந்திருக்கறீங்களா?"

"இல்லீங்க."

நான் தொண்டையைக் கனைத்தேன். சகலை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"நாலு தடவை," என்றேன். "காலில்."

"அது மரியாதைங்க டாக்டரம்மா!" என்று கத்தினார் சகலை. "சகலை, நீங்க எண்ணுறதோட நிறுத்திக்கோணும். சொல்றதுக்கெல்லாம் வரப்படாது. எங்க பெரீப்பா காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகுறது?"

அப்போதுதான் புரிந்தது. விழுந்தது எதனால் என்று அவருக்கும் தெரிந்தே இருந்தது. அது வெளியே வந்தால் கோபியில் கிடைத்த சமாதானம் செல்லாததாகிவிடும்.

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஈசிஜி ஒயர்களை மாட்டினார். "அண்ணா, அஞ்சு எண்ற வரைக்கும் நெஞ்சு நெறைய மூச்சு இழுங்க, அஞ்சு எண்ற வரைக்கும் மெதுவா உடுங்க. ஒரு நிமிசம் இப்பிடியே செய்யோணும். மிசின் ஓடட்டும். ஐயா, நீங்க எண்ணுங்க." என் வாழ்நாளில் சகலையைத் தவிர வேறொருவர் என்னை எண்ணச் சொல்லிக் கேட்டுக்கொண்டது அந்த ஒரு முறைதான். எண்ணினேன். தாள் நாடா போல ஓடியது. மூச்சு ஏறியது, இறங்கியது. கோடுகள் அதே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தன.

"பாத்தீங்களா!" என்றார் சகலை, படுத்தபடியே.

"இது ஆடோணுமுங்கண்ணா," என்றார் டாக்டரம்மா. "மூச்சு இழுக்கறப்போ ஹார்ட்டு கொஞ்சம் வேகமா ஓடோணும், உடறப்போ மெதுவாகோணும். அப்பிடி முடுக்கறதுக்கும் அடக்கறதுக்கும் நரம்பு இருக்குதுங்க. ரொம்ப வருசம் சர்க்கரை இருந்தா அந்த நரம்பு கெட்டுப்போகும். படுத்திருக்கறப்பவே நாடி நூறு ஓடறது, எந்திரிச்சா பிரஷர் எறங்கறது, சர்க்கரை எறங்குனாப் படபடப்பு இல்லாதது, எல்லாம் அதுதானுங்க. இது தெரியாம மயக்க மருந்து குடுத்தா டேபிள்லயே பிரஷர் உழுந்துரும். உசுருக்கே ஆபத்துங்க."

"முள்ளு ஆடோணும்னு சொல்ற கம்பெனியை இப்பத்தானுங்க பாக்கறேன்," என்றார் சகலை. எழுந்து சட்டையை மாட்டினார். "வேற ஆஸ்பத்திரி இல்லாமயா போச்சு? இந்தக் கேள்வியெல்லாம் கேக்காம அறுத்துத் தெச்சு அனுப்பறவுங்க நெறையா இருக்கறாங்க."

அவர் அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் சகலைக்கு ஒரு யோசனை வந்தது.

"சகலைக்கு எடுங்க. ஒயரிங் போன ஆளு. அவருக்கு எப்பிடி வருதுன்னு பாக்கலாம்."

என்னைப் படுக்கவைத்தார்கள். இந்தத் தடவை சகலை எண்ணினார். என் தாளில் கோடுகள் நெருங்கின, விலகின, மறுபடி நெருங்கின. ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. போய்விட்டோம் என்றே நினைத்தேன்.

"ஐயாவுக்கு அருமையா இருக்குதுங்க," என்றார் டாக்டரம்மா.

சகலை இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பட்டறையில் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒட்டிக்கிச்சுங்களா?" என்றார், மெல்ல.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஜாங்கிரி தின்றவன் நான்.

விஷயம் முன்கூட்டியே தெரிந்ததால் ஆபரேஷனுக்கு எல்லா ஏற்பாட்டோடும் இருந்தார்கள். டேபிளில் பிரஷர் விழத்தான் செய்தது. தயாராக வைத்திருந்த மருந்தைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பிழைத்து வந்தார். அதோடு ஒரு சட்டமும் வந்தது. சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்தபடியே கால்களை நன்றாக ஆட்டி, காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறிய பிறகு மெதுவாக எழ வேண்டும். கோயமுத்தூர் வெயிலில் முழங்கால் வரை இறுக்கமான காலுறை வேறு.

அவரைப் பார்க்கப் பெரியப்பா கோபியிலிருந்து கதலித் தாரோடு வந்தார். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதுமே சகலை காலை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். வேகவேகமாக ஆட்டினார். பெரியப்பா நடையில் வந்து நின்று, எழுவான் என்று பார்த்தார்.

"வாங்க பெரீப்பா," என்றார் சகலை, உட்கார்ந்தபடி, இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டே.

பெரியப்பா அந்தக் கால்களைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பெரியவர் முன்னால் கால்மேல் கால் போட்டாலாவது மன்னிப்பு உண்டு.

"அன்னைக்குக் காலுல உழுந்தே, இன்னைக்குக் காலாட்டறே," என்றார். "நல்லா இருக்குது கண்ணு. ரொம்ப நல்லா இருக்குது."

தாரை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். சகலை சட்டப்படி எழுந்து முடித்தபோது கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது. தென்னை மரம் மறுபடி வழக்குக்கு வந்தது.

"நரம்புக் கோளாறுன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிப்போட்டா முடிஞ்சுது," என்று என் கொழுந்தியாள் எத்தனையோ சொன்னாள்.

"சொன்னா அன்னைக்கு உழுந்ததும் கோளாறுன்னு ஆயிருமல்ல?" என்றார் அவர். "காலாட்டறவன்னு வேணாச் சொல்லட்டும். பொய்யா உழுந்தவன்னு சொல்லப்படாது."

அந்தப் பிடிவாதத்தில் இம்மி ஆடவில்லை. அடுத்து வந்த பொங்கல்களுக்கு இரண்டு பந்தல் போட்டார்கள்.

சில வருடம் கழித்து ஒரு காலை, பட்டறையில் சோதனை மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. நெஞ்சைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை, வலியைச் சொல்ல வேண்டிய நரம்பும் அதே கூட்டந்தான் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். முள் ஆடவில்லையாம். அவருக்குப் பேச முடிந்திருந்தால் டெலிவரி கொடுக்கச் சொல்லியிருப்பார்.

பெரியப்பா வந்தார். தடி ஊன்றி, இரண்டு பேர் தாங்கலில். தலைமாட்டில் நின்று பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்தார்.

"நீங்க எண்ணிப் பாத்துப் பேசற ஆளுங்க. உங்களைக் கேட்டாத் தெரியும். அன்னைக்குக் கல்யாணத்துல எம்பட காலுல உழுந்தானே, அது நெசமாலுமே மரியாதைக்குத்தானுங்களே?"

கொழுந்தியாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்றதுக்கெல்லாம் வரப்படாது என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் பாதிக் கணக்கோடு ஒருவரை அனுப்புவது என் தொழிலில் வழக்கமில்லை.

"இல்லீங்க," என்றேன். "உழுந்தது நோவுங்க. எந்திரிச்சாக் கண்ணு இருட்டி உழுந்துருவாரு. உங்களைக் கண்டதும் உழுகாம எந்திரிச்சு நிக்கோணும்னுதான் அந்த ஆட்டு ஆட்டுனாரு. காலாட்டுனதுதானுங்க மரியாதை."

பெரியப்பா திரும்பிப் போய்ச் சகலையின் கால்மாட்டில் நின்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எடுக்கும் வரை அவர் உட்காரவில்லை.